பழைய மோட்டார் வண்டியில் தீப்பொறி நின்றுவிட்டால்

புத்தூர் வழியே ஓடும் உய்யக்கொண்டான் வாய்க்காலில் கடைமடைக்குத் தண்ணீர் வராவிடில், குடியானவர் தலைமதகு முதல் மதகு மதகாகப் பார்த்து வந்து, அடைப்பு உள்ள இடத்திலேயே மண்வெட்டியைப் போடுவார். கிளம்ப மறுக்கும் பழைய பெட்ரோல் வண்டிக்கும் முறை இதுவே. இதை விட்டுக் காயிலையும் பிளக்கையும் கண்டபடி மாற்றிப் பணத்தைச் செலவழித்து, முடிவில் நல்ல வண்டியைப் பழைய இரும்பு விலைக்குத் தள்ளிவிடுவோர் உளர்.

பழைய பெட்ரோல் அம்பாசடர், 1961 முதல் சென்னையில் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்ற வண்டிகளில் தீப்பொறி பிறக்கும் விதம் ஒன்றே. அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங் வகுத்த இவ்வேற்பாடு, 1910-ஆம் ஆண்டின் காடிலாக் வண்டிகளில் இடம் பெற்றது. பாட்டரியின் மின்சாரம் சாவி வழியாகக் காயிலுக்கும், அங்கிருந்து டிஸ்ட்ரிபியூட்டரிலுள்ள பாயிண்டுக்கும் செல்கிறது. பாயிண்டு திறக்கும் கணத்தில் காயிலில் பல்லாயிரம் வோல்ட் எழும்பிப் பிளக்கில் பொறியாகிறது.

பரிசோதிக்குமுன் பெட்ரோல் கசிவு இல்லையெனக் கண்டு, கியரை நியூட்ரலில் வைத்துக் கைப்பிரேக்கைப் போடுக.

1. முன்விளக்கைப் போட்டுப் பார்க்கவும். மங்கினால் பாட்டரியைக் கவனிக்கவும்; முனைகளில் பூத்த உப்பை வெந்நீரால் கழுவித் துடைத்து இறுக்குக.

2. காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவில் சேரும் தடித்த வயரைக் கழற்றி, உலர்ந்த மரக்கவ்வியால் பிடித்து, நுனியை எஞ்சின் இரும்புக்கு 6 மில்லிமீட்டர் தள்ளி வைத்து, சாவியைத் திருப்பி எஞ்சினைச் சுழற்றச் செய்க. நீலப்பொறி பாய்ந்தால் காயில் நன்று; குற்றம் மூடி, ரோட்டார், பிளக் வயர், பிளக் இவற்றில் உள்ளது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மூடியின் உட்புறம் ஈரம் படிதல் சகஜம், துடைத்து உலர்த்துக.

3. பொறி இல்லையெனில், 12 வோல்ட் சிறு விளக்கின் ஒரு வயரை எஞ்சினில் தொடுத்து, மறு வயரால் காயிலுக்குச் சாவிப் பக்கத்திலிருந்து வரும் முனையைத் தொடுக. எரியாவிடில் அம்முனைக்கு முன்னரே வழி அறுந்துள்ளது. எரிந்தால் பாயிண்டுப் பக்க முனையைத் தொடுக. பாயிண்டு திறந்திருக்கையில் விளக்கு எரிந்து, மூடியதும் அணையவேண்டும். எப்போதும் எரிந்தால் பாயிண்டு சேரவில்லை, அல்லது அழுக்கேறியுள்ளது. எப்போதும் எரியாவிடில், அம்முனையின் வயரைக் கழற்றி மீண்டும் தொடுக. இப்போது எரிந்தால் டிஸ்ட்ரிபியூட்டர்ப் பக்கம் எங்கோ உடலில் தொட்டுக்கொண்டுள்ளது; அப்போதும் எரியாவிட்டால் மட்டுமே காயிலைக் குறைகூறலாம்.

நெடுநாள் நின்ற வண்டியில் பாயிண்டின் மேல் களிம்பு படிந்து மின்சாரம் தடைப்படும். மெல்லிய அரத்தால் தேய்த்துத் துடைத்து, முழுதும் திறந்த நிலையில் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை இருக்குமாறு வைக்கவும். அம்பாசடருக்கு இவ்வளவு பொருந்தும். பிற வண்டிகளுக்கு அவற்றின் கைப்புத்தகப்படி செய்க. பொறி மஞ்சளித்துப் பாயிண்டு அடிக்கடி கருகினால் கண்டென்சரை மாற்றுக.

எஞ்சின் ஓடாதபோது சாவியைத் திருப்பியே விட்டுவைத்தால் காயில் சூடேறிக் கெடும். வாரம் ஒருமுறை வண்டியைக் கிளப்பிச் சிறிது தூரம் ஓட்டுவதும், ஒரு பாயிண்டு செட்டும் கண்டென்சரும் பெட்டியில் வைத்திருப்பதும் மிராசுதார்களுக்கும் கிராம அதிகாரிகளுக்கும் அவசரத்தில் கைகொடுக்கும்.