மலையகப் புகையிரதப் பாதையும் வண்டித் தெரிவும்

ஒரு பிரதேசப் பாதைக்கு எத்தகைய பயணிகள் வண்டி பொருந்தும் என்னும் வினா பொறியியலாளருக்கு மட்டும் உரியதன்று. பாதை எதற்காக எழுந்தது, அதில் இன்று பயணிப்போர் யாவர் என்னும் வினாக்களோடும் அது பிணைந்துள்ளது. இதனை இலங்கையின் மலையகப் பாதையை எடுத்துக்காட்டாகக் கொண்டு நோக்குவோம்.

கோப்பியைத் துறைமுகத்திற்கு இறக்கும் பொருட்டுத் தொடங்கப்பட்ட இப்பாதை 1867இல் கண்டியையும், 1874இல் நாவலப்பிட்டியையும், 1885இல் நானுஓயாவையும், 1894இல் பண்டாரவளையையும் அடைந்து 1924இல் பதுளையில் முடிவுற்றது. இதற்கிடையில் கோப்பி அழிந்து தேயிலை அதனிடத்தைப் பெற்றது. பண்டத்தின் தேவைக்கு அமைந்த பாதையே பின்னர் தோட்ட மக்களின் போக்குவரத்துக்கும் உரியதாயிற்று.

பாதையின் இயல்பு வண்டித் தெரிவைப் பெரிதும் கட்டுப்படுத்துகின்றது. கடுஞ்சாய்வு 44இல் 1 ஆகும். வளைவுகளின் ஆரை சில இடங்களில் ஏறத்தாழ 100 மீற்றர் மட்டுமே. பட்டிப்பொலவில் பாதை 1,898 மீற்றர் உயரத்தை எட்டுகின்றது. அவ்வுயரத்திற் காற்றழுத்தம் கடல்மட்டத்தினும் ஐந்திலொரு பங்கு குறைவாதலின், காற்றை அழுத்தி ஊட்டும் ஏற்பாடற்ற டீசல் எந்திரம் வலுவிழக்கும். வளைவுகளால் வேகம் மட்டுப்படுவதால், அதியுயர் வேகத்திற்காகச் செலவிடும் பணம் இங்கு வீணாகும், வேண்டப்படுவது இழுவையே.

1954 முதல் கனடாவிலிருந்து வந்த எம் 2 வகை எந்திரங்களிற் பலவற்றை எடுத்துக்கொள்வோம். நிறை ஏறத்தாழ 80 தொன். மூவச்சுச் சில்லுத்தொகுதியின் நடு அச்சு நிறையைத் தாங்குமேயன்றி இழுக்காது. இதனால் தண்டவாளத்தின் சுமை குறைகின்றது. ஆனால் ஏறத்தாழ 53 தொன் நிறையே இழுவைக்குப் பயன்படுகின்றது. மழையில் அதன் ஆறிலொரு பங்கே பிடிமானமாகக் கிடைக்குமாயின், இழுவை 9 தொன்னைத் தாண்டாது. 220 தொன் பெட்டிகளோடு மொத்தம் 300 தொன்னாகும் வண்டி 44இல் 1 சாய்வில் ஏறுதற்கு ஈர்ப்பை வெல்லவே 6.8 தொன் வேண்டும். வளைவின் உராய்வும் சேர்ந்தால் சில்லு வழுக்கும்.

இரு முனைகளிலும் இயக்கு பெட்டிகளைக் கொண்ட தொடர்வண்டியில் இழுவை கூடுதலான அச்சுகளிற் பகிரப்படுகின்றது. முனையத்தில் எந்திரத்தைத் திருப்பவும் வேண்டியதில்லை. எனினும் அதன் எந்திரம் பழுதுற்றால் தொடர் முழுவதுமே முடங்கக்கூடும். தனி எந்திரமாயின் வேறொன்றை இணைக்கலாம். இறக்கத்திலோ தடுப்பே முதன்மை பெறுகின்றது. சில்லைக் கட்டையால் மட்டும் அழுத்தி நிறுத்தினால் வெப்பமேறித் தடுப்பு தளரும். மின்னோடிகளையே தடுப்பாக்கும் ஏற்பாடு இன்றியமையாதது. நீண்ட பெட்டிகள் வளைவில் வெளித்தள்ளுவதால் சுரங்கங்களிலும் மேடைகளிலும் இடர் விளையும்.

இவ்வளவும் பொறியியல். வண்டியில் ஏறுவோர் யாவர் என்பது அடுத்த வினா. அட்டன், தலவாக்கலை முதலிய நிலையங்களிற் குறுந்தூரம் செல்லும் மாணவர், மருத்துவமனை நாடுவோர், மரக்கறிக் கூடையுடன் வருவோர் ஆகியோருக்கு அகன்ற வாயிலும், பொருள் வைக்கும் இடமும், அடிக்கடி ஓடும் சிறு தொடரும் தேவை. காட்சி காண வருவோருக்கோ பெரிய யன்னலும் முன்பதிவு ஆசனமும் போதும். பின்னவர் தரும் வருமானம் வேண்டத்தக்கதே. ஆயின் அதனையே அளவுகோலாக்கினால், மூன்றாம் வகுப்புப் பெட்டிகள் குறைந்து, பாதையோரத்து மக்கள் தம் பாதைக்கே அந்நியராவர்.

2025 நவம்பரில் டித்வா சூறாவளி இப்பாதைக்குப் பெருஞ்சேதம் விளைவித்தது. தண்டவாளத்தைச் சீர்செய்வதோடு பணி முடிந்துவிடாது. குறுகியதும், வலுவேறியதும், நம்பத்தகு தடுப்புடையதும், பிரித்து இணைக்கத்தக்கதுமான தொடரே இப்பாதைக்குப் பொருந்தும் என்பது எமது முடிபு. அதில் எவருக்கு எத்தனை ஆசனம் என்பதைக் கணிதம் தீர்மானிப்பதில்லை; சமூகமே தீர்மானிக்கவேண்டும்.