இரும்புக்கு உரைகல் எது?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

பொன் வாங்கப் போகிறவர் உரைத்துப் பார்க்காமல் வாங்குவதில்லை. புளி வாங்குகிறவர்கூடச் சிறிது கிள்ளி வாயில் போட்டுப் பார்க்கிறார். ஆனால் ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து எஃகு வாங்குகிறவர், பளபளப்பையும் எடையையும் பார்த்துவிட்டு மனநிறைவோடு வீடு திரும்புகிறார். உலோகத்தின் உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. அதைச் சொல்ல வல்லது ஒரு காகிதம். தொழிற்கூடங்களில் 'மெட்டீரியல் டெஸ்ட் சர்டிபிகேட்' என்று வழங்கும் சோதனைச் சான்றிதழே அது. அதைப் பற்றி நான் அறிந்தவற்றை இங்கே கூற விரும்புகிறேன்.

நான் குரோம்பேட்டையில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் ஊருக்குப் பெயர் தந்ததே ஒரு தனிமம்தான்! இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே அமைந்த குரோம் லெதர் தொழிற்சாலையில் குரோமிய உப்பைக் கொண்டு தோல் பதனிட்டார்கள். அதனால் வந்த பெயர் இது. தோலை அழுகாமல் காக்கும் அந்தக் குரோமியம், எஃகுடன் கலந்தால் அதைத் துருவிலிருந்து காக்கிறது. குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருந்தால்தான் அது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக மேற்பரப்பை மூடிக்கொள்கிறது.

என் தந்தை எட்டாம் வகுப்பு வரை படித்தவர். சிறிய லேத் பட்டறை ஒன்று நடத்துகிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். சென்ற ஆண்டு தோல் பதனிடும் கூடம் ஒன்றின் பம்புக்கு இரண்டு ஷாப்ட் கடைந்து தரும் வேலை அவருக்குக் கிடைத்தது. 316 என்னும் வகை எஃகில் செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. அப்பா கடையில் 316 என்று கேட்டே வாங்கினார். சான்றிதழின் நகலும் தந்தார்கள். மூன்றே மாதத்தில் ஷாப்ட் முழுதும் ஊசி குத்தியது போலக் குழிகள்! பதினெட்டாயிரம் ரூபாய் கைப்பொறுப்பில் புதிதாகச் செய்து கொடுக்க வேண்டியதாயிற்று.

"நீதான் கெமிஸ்ட்ரி படிக்கிறியேப்பா, இதுல என்ன போட்டிருக்குன்னு பாரு" என்று அன்றிரவு அந்தக் காகிதத்தை என்னிடம் நீட்டினார். அன்றுதான் நான் முதன்முதலாக ஒரு சோதனைச் சான்றிதழைப் படித்தேன்.

சான்றிதழில் என்ன இருக்கும்?

முதலில் தர எண். அடுத்து 'ஹீட் நம்பர்'. உலையில் ஒரு தடவை உருக்கி வார்த்த மொத்த உலோகத்திற்கும் இடும் அடையாள எண் இது. பிறகு கார்பன், குரோமியம், நிக்கல் முதலிய தனிமங்களின் சதவீதம். அதன்பின் இழுத்துப் பார்த்த சோதனையின் முடிவுகள்: எந்த விசையில் நிலையாக நீளத் தொடங்கியது, எந்த விசையில் அறுந்தது, அறும்முன் எத்தனை சதவீதம் நீண்டது என்பவை.

316 வகையில் குரோமியம் 16 முதல் 18 சதவீதமும், நிக்கல் 10 முதல் 14 சதவீதமும், மாலிப்டினம் 2 முதல் 3 சதவீதமும் இருக்க வேண்டும். மாலிப்டினமே இங்கு உயிர்நாடி. உப்பிலுள்ள குளோரைடு அயனி குரோமியப் படலத்தைத் துளைக்கும். மாலிப்டினம் அதைத் தாங்கும் வலிமை தருகிறது. மாலிப்டினம் இல்லாத 304 வகை, உப்பு நீர் ஓடும் தோல் கூடத்தில் குழி விழுவதில் வியப்பென்ன?

எங்கள் காகிதத்தில் மாலிப்டினம் 2.1 என்று அழகாகவே அச்சாகியிருந்தது. ஆனால் பட்டறை மேசையடியில் கிடந்த மிச்சத் துண்டை எடுத்துப் பார்த்தபோது, அதன் முனையில் பொறித்திருந்த ஹீட் நம்பர் வேறு, காகிதத்திலிருந்த எண் வேறு! துண்டைச் சோதனைக்கூடத்தில் கொடுத்தோம். மாலிப்டினம் பெயரளவுக்கே இருந்தது. சான்றிதழ் பொய்யன்று, அது வேறொரு கம்பியின் சான்றிதழ்!

எத்தனை வகைச் சான்றிதழ்கள்?

உலகெங்கும் வழங்கும் இ.என். 10204 என்னும் ஐரோப்பிய நெறிமுறை இவற்றை நான்காக வகுக்கிறது. 2.1 என்பது 'கேட்டபடியே தந்தோம்' என்ற உற்பத்தியாளரின் வாக்குமூலம் மட்டுமே. சோதனை முடிவு எதுவும் இராது. 2.2இல் முடிவுகள் உண்டு. ஆனால் அவை நாம் வாங்கிய சரக்கையே சோதித்தவையாக இருக்க வேண்டியதில்லை, அதே முறையில் செய்த வேறு சரக்கினுடையவையாக இருக்கலாம். 3.1இல் நமக்கு வரும் சரக்கின் தொகுதியையே சோதித்து, உற்பத்திப் பிரிவைச் சாராத ஆய்வு அலுவலர் கையொப்பமிடுகிறார். 3.2இல் அவரோடு, வாங்குபவரின் பிரதிநிதியோ விதிப்படி அமர்த்தப்பட்ட ஆய்வாளரோ சேர்ந்து சான்றளிக்கிறார்.

காய்ச்சல் கண்டவனுக்குப் பக்கத்து வீட்டுக்காரரின் இரத்தப் பரிசோதனை முடிவு பயன்படுமா? 2.2க்கும் 3.1க்கும் உள்ள வேறுபாடு அதுதான்.

எதற்கு எது?

எல்லாவற்றுக்கும் உயர்ந்த சான்றிதழ் கேட்பது வீண் செலவு. சன்னல் கம்பிக்குப் பில் இருந்தால் போதும். வீடு கட்டும் கம்பிக்கு ஐ.எஸ். 1786 என்ற எண்ணோடு ஐ.எஸ்.ஐ. முத்திரை வேண்டும். அம்முத்திரையோடு வரும் உரிம எண் மெய்தானா என்பதை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் யாரும் பார்க்கலாம். 'எப்.இ. 500' என்றால் சதுர மில்லிமீட்டருக்கு 500 நியூட்டன் வரை தாங்க வேண்டும். அறும்முன் 12 சதவீதமாவது நீள வேண்டும். '500 டி' என்றால் 16 சதவீதம். திடீரென ஒடியாமல் வளைந்து கொடுக்கும் தன்மை அதற்கு மிகுதி. அமிலம், உப்பு, அழுத்தம் உள்ள இடத்திற்கு 3.1க்குக் குறையக் கூடாது. கொதிகலனுக்கோ சட்டமே தனிப் படிவங்களை விதித்திருக்கிறது.

காகிதமும் பொய் சொல்லும்

2009இலும் 2011இலும் அமெரிக்காவின் நாசா ஏவிய இரண்டு டாரஸ் எக்ஸ்.எல். ராக்கெட்டுகளில் முனைக்கூடு பிரியவில்லை. இரண்டு செயற்கைக்கோள்களும் அழிந்தன. இழப்பு 70 கோடி டாலருக்கு மேல். சாபா புரொஃபைல்ஸ் என்ற அலுமினிய நிறுவனத்தில் ஏறத்தாழ 19 ஆண்டுகள் சோதனை முடிவுகளைத் திருத்திச் சான்றிதழ் தந்து வந்தது பின்னர் வெளிப்பட்டது. 2019இல் நாசா இதனை அறிவித்தது. நாசாவுக்கே இக்கதி என்றால் நம் பட்டறை எம்மாத்திரம்! ஆகவே முக்கியமான வேலைக்குச் சிறு துண்டை வெட்டி, தகுதி பெற்ற சோதனைக்கூடத்தில் பார்த்துவிடுவதே நல்லது. காந்தத்தை நம்ப வேண்டாம். 304, 316 மட்டுமன்றி விலை மலிந்த 202 வகையும் பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டாது.

இப்போது அப்பா செம்புதாஸ் தெருவுக்குச் சரக்கு எடுக்கப் போகும்போது ஒரு பழைய டைரியையும் எடுத்துப் போகிறார். கம்பியின் முனையிலுள்ள எண்ணை அதில் குறித்துக்கொண்டு, காகிதத்து எண்ணோடு ஒப்பிட்ட பிறகே பணத்தை எடுக்கிறார். ஆங்கிலம் படிக்க வராது. எண்கள் எல்லாருக்கும் பொது அல்லவா!

நண்பர்களே! ஆய்வகத்தில் உப்புகளைப் பகுத்தறியும்போது, இது மதிப்பெண்ணுக்கு மட்டுமே என்று நானும் எண்ணியதுண்டு. ஒரு குடும்பத்தின் பதினெட்டாயிரம் ரூபாய், ஒரு தனிமத்தின் 2 சதவீதத்தில் அடங்கியிருந்தது என்பதை அறிந்தபின் அந்த எண்ணம் போயிற்று. நம் வீடுகளிலும் பட்டறைகளிலும் படிக்கத் தெரியாமல் மடித்து வைத்த காகிதங்கள் பல இருக்கும். அவற்றைப் பிரித்துப் படித்துச் சொல்வது, படித்த நம் கடமையன்றோ!