போமட் செய்த பிறகும் கணனி ஆமையாக ஊர்வதேன்?

துறைமுகப் பக்கம் கடை வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. நவம்பர் பிறந்து வடகீழ்ப் பருவக்காற்று வீசத் தொடங்கினால் கடல் கொந்தளிக்கும், தொழில் குறையும். அந்த மாதங்களில் கயிறு, மிதவை, எஞ்சின் உதிரிப்பாகம் எல்லாம் கடனுக்குத்தான் போகும். மார்ச்சுக்குப் பிறகு கடல் அடங்கி, படகுக்காரரின் கையில் காசு புழங்கும்போதுதான் நமது காசு திரும்பி வரும். கொட்பே துறைமுகத்துப் பலநாள் படகுகளுக்குச் சாமான் கொடுப்பவர்களின் கதையும் ஏறத்தாழ இதுதான். கல்லாப்பெட்டியில் இருப்பதைவிடக் கடன் கொப்பியில் இருப்பதே அதிகம்.

எனது கடையில் அந்தக் கொப்பி கணனிக்குள் போய்ப் பல வருடங்களாகின்றன. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி கட்டளையிடும் சூரத்துல் பகராவின் 282ஆவது வசனம்தான் அல்குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் என்று ஜும்ஆ பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம். எழுதித்தான் வைத்திருந்தேன். எழுதி வைத்த இயந்திரமே திறக்க மறுத்தால் என்ன செய்வது என்பதை மட்டும் யோசித்திருக்கவில்லை.

விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்திக்கொண்டது. அதன் பிறகு நம்மில் பலர் செய்ததைப்போல நானும் கணனியைத் திருத்தும் இடத்தில் கொடுத்து, போமட் செய்து, விண்டோஸ் 11 போட்டு எடுத்து வந்தேன். புதிதாகப் போட்டால் வேகமாக ஓடும் என்பதுதானே நமது நம்பிக்கை? வந்ததோ முன்பைவிட மோசமாக. ஒரு பில் அடிக்க மூன்று நிமிடம். கணக்கைத் திறந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். வாடிக்கையாளர் முகத்தைப் பார்ப்பார், நான் திரையைப் பார்ப்பேன். மறுபடி கொண்டுபோனதும், "நானா, இந்த மெஷினுக்கு இவ்வளவுதான் ஓடும். புதுசு ஒன்று எடுங்க" என்றார் அந்தத் தம்பி.

எடுக்கவில்லை. எனது மருமகனை வைத்துக்கொண்டு இரண்டு இரவு உட்கார்ந்து பார்த்ததில் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விடயம். புதிதாக விண்டோஸ் போட்ட முதல் ஓரிரு நாட்கள் கணனி மந்தமாக இருப்பது நோயல்ல. நாம் பில் அடிக்கும் அதே நேரத்தில் அது பின்னால் அப்டேட்டுகளை இறக்குகிறது, டிரைவர்களைத் தேடுகிறது, கோப்புகள் அனைத்துக்கும் தேடல் அட்டவணை தயாரிக்கிறது, வைரஸ் இருக்கிறதா என்று பரிசோதிக்கிறது. புதிய கடை திறந்த அன்றே சாமான் இறக்கிக்கொண்டு வியாபாரமும் பார்ப்பதைப்போல. இந்த வேலைகளில் பல, கணனி சும்மா இருக்கும் நேரத்தில்தான் நடக்கும். நாமோ காலையில் போட்டவுடன் வியாபாரம் தொடங்கி, இரவு கடை பூட்டும்போது சுவிட்சையும் நிறுத்திவிடுகிறோம். அதற்குச் சும்மா இருக்கும் நேரமே கிடைப்பதில்லை. ஆகவே வேலை முடியாமல் நாளுக்கு நாள் இழுபடும். டொங்கிளில் டேட்டா பார்த்துப் பார்த்துப் பாவிப்பவர்களுக்கு இன்னும் இழுபடும், ஏனென்றால் இறங்கவேண்டியது சில ஜீ.பீ. வரை போகலாம். ஓர் இரவு முழுவதும் நல்ல இணைய இணைப்போடு, தூங்கும் நிலைக்குப் போகாதவாறு அமைத்துவிட்டு, கணனியைப் போட்டபடியே விட்டுவிடுங்கள். காலையில் ரீஸ்டார்ட் செய்து, அப்டேட் பக்கத்தில் மிச்சம் ஏதும் உண்டா என்று பாருங்கள். பலருக்குப் பிரச்சினை இத்தோடு தீர்ந்துவிடும்.

தீராவிட்டால் அனுமானத்தில் எதையும் மாற்ற வேண்டாம். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மெனேஜர் திறக்கும். அதில் புரொசெசர், மெமரி, டிஸ்க், நெட்வேர்க் ஒவ்வொன்றும் எத்தனை வீதம் வேலை செய்கிறது என்று காட்டும். மந்தமாக இருக்கும் நேரத்தில் எது 100இற்குப் பக்கத்தில் நிற்கிறது என்பதுதான் கேள்வி.

மெமரி நிறைந்து நின்றால் றம் போதாது. விண்டோஸ் 11 இற்கு 4 ஜீ.பீ. போதும் என்று மைக்ரோசொப்ட் சொல்வது நிறுவுவதற்கான குறைந்தபட்ச அளவு. கணக்கு மென்பொருளும் பிரவுசரும் சேர்ந்து ஓட 8 ஜீ.பீ. இருந்தால்தான் நிம்மதி. புரொசெசர் உயர்ந்து நின்றால் எந்த மென்பொருள் அதைத் தின்கிறது என்று பட்டியலில் பாருங்கள். பெயர் தெரியாத ஒன்று ஓயாமல் தின்றுகொண்டிருந்தால், விண்டோஸை 'எக்டிவேட்' செய்யப் போட்ட கிரெக்கைச் சந்தேகியுங்கள். நமது புரொசெசரில் கள்ளத்தனமாகக் கிரிப்டோ நாணயம் தோண்டும் நச்சுநிரல்கள் இப்படியான கிரெக்குகளோடுதான் பெரும்பாலும் நுழைகின்றன. அடுத்தவனின் பொருளை அனுமதியின்றி எடுப்பது கூடுமா கூடாதா என்பதை ஆலிம்களிடம் கேளுங்கள். அது இலவசமல்ல என்பதை மட்டும் நான் சொல்வேன்.

எதுவும் உயர்ந்து நிற்காமலேயே திரை இழுபட்டு, எழுத்துகள் பெரிதாக, வீடியோ வெட்டி வெட்டி ஓடினால் டிவைஸ் மெனேஜரில் டிஸ்ப்ளே அடப்டர் என்ற இடத்தைப் பாருங்கள். 'மைக்ரோசொப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடப்டர்' என்றிருந்தால் உங்கள் கணனிக்குரிய கிரபிக்ஸ் டிரைவர் போடப்படவில்லை. மொடல் இலக்கத்தைப் பார்த்து, தயாரித்த நிறுவனத்தின் இணையத்தளத்திலிருந்து இறக்கிப் போட வேண்டும். எல்லா டிரைவரையும் ஒரே அடியில் போடுவதாகச் சொல்லும் இலவச மென்பொருட்களைத் தொடாதிருப்பது நல்லது.

எனது கணனியில் 100இல் நின்றது டிஸ்க். ஆனால் அந்த நேரத்தில் அது படித்துக்கொண்டிருந்த வேகம் ஒரு எம்.பீ. கூட இல்லை. இதை நான் கிண்ணியாப் பழைய பாதைப்படகோடுதான் ஒப்பிடுவேன். 2009இல் பாலம் திறக்கப்படும்வரை இரு கரையிலும் வாகனம் வரிசையில் நிற்கும், பாதை ஓய்வில்லாமல் போய்வரும், ஆனாலும் ஒரு தடவைக்குக் கரையேறுவது சில வாகனங்கள்தான். சுழலும் ஹார்ட் டிஸ்க்கின் இயல்பே கொஞ்சம் அப்படித்தான். பெரிய கோப்பொன்றை நேராகப் படிக்கச் சொன்னால் வினாடிக்கு 100 எம்.பீ. அளவில் படிக்கும். விண்டோஸ் கேட்பதைப்போல அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிறு துண்டுகளைக் கேட்டால், ஒவ்வொன்றுக்கும் ஊசி இடம் மாறவேண்டியிருப்பதால் வேகம் ஒன்றிரண்டு எம்.பீ.க்கு இறங்கிவிடும். எஸ்.எஸ்.டி.யில் சுழலும் தட்டும் இல்லை, ஊசியும் இல்லை. பழைய கணனியொன்றுக்குச் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள மாற்றம் அதுதான்.

ஆனாலும் எனது டிஸ்க் சாதாரண மந்தத்தையும் தாண்டியிருந்தது. மருமகன் கிரிஸ்டல் டிஸ்க் இன்போ என்ற இலவச மென்பொருளை ஓட்டினான். ஹார்ட் டிஸ்க் தன்னைப்பற்றித் தானே எழுதி வைக்கும் குறிப்பேட்டை அது காட்டும். நீலம் என்றால் நலம், மஞ்சள் என்றால் எச்சரிக்கை. பழுதான பகுதிகளை ஒதுக்கிய எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தால் டிஸ்க்கின் ஆயுள் முடிகிறது என்று பொருள். அப்படியான டிஸ்க் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க முயலும், அதனால்தான் மந்தம். எத்தனை தடவை போமட் செய்தாலும் அது மாறாது. எனது டிஸ்க்கில் அந்த எண்ணிக்கை பூச்சியம். நிறமும் நீலம். ஆனால் சீ.ஆர்.சீ. பிழை என்ற வரியில் ஓர் எண் ஆயிரக்கணக்கில் இருந்தது. அது டிஸ்க்கும் மதர்போர்டும் பேசிக்கொள்ளும் கேபிளில் வரும் பிழை. பெட்டியைத் திறந்தோம். கேபிளின் ஒரு முனை சரியாக அமர்ந்திருக்கவில்லை, உள்ளே பச்சை படர்ந்திருந்தது. கடற்காற்றின் உப்பாக இருக்கலாம், திறந்து பூட்டியபோது இழுபட்டதாகவும் இருக்கலாம். 350 ரூபாவுக்குப் புதுக் கேபிள் போட்டதும் பில் பழையபடி வந்தது. அந்த எண் அதன் பிறகு ஏறவில்லை.

பெட்டியைத் திறந்தபோது கண்ட இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மின்விசிறியில் படிந்திருந்த தூசு உப்பு ஈரத்தோடு சேர்ந்து பாண் மாவைப்போல இறுகிக் கிடந்தது. புரொசெசர் சூடேறினால் எரிந்துபோகாதிருக்கத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். உட்துறைமுகத்தை ஒட்டிய கடைகளில் இருப்பவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது துப்புரவு செய்விப்பது நல்லது.

இத்தனையும் கணனியின் வேகம் பற்றியது. எனக்கு உண்மையில் நித்திரை வராதிருந்தது வேறொரு காரணத்துக்காக. போமட் செய்யக் கொடுத்தபோது, "டொக்கியுமென்ட் எல்லாம் எடுத்து வைத்திருக்கிறோம்" என்றார்கள். கணக்கு மென்பொருள் தனது தரவுகளை டொக்கியுமென்ட் போல்டரில் வைப்பதில்லை. சீ டிரைவில் வேறெங்கோ தனக்கென ஒரு போல்டரில் வைக்கும். எனது கடன் கணக்கு போமட்டோடு போய்விட்டது. கடையில் ஒரு பென் டிரைவில் ஆறு வாரத்துக்கு முந்திய பெக்கப் ஒன்று இருந்ததால் தப்பினேன். அந்த ஆறு வாரத்தை பில் புத்தகத்தின் கார்பன் பிரதியிலிருந்து திரும்ப ஏற்றினோம். இரண்டு பேருடைய கணக்கு பொருந்தவில்லை. இருவரும் தாமாகவே தொகையைச் சொன்னார்கள், நான் அதையே எழுதிக்கொண்டேன்.

ஆகவே கணனியைக் கொடுக்கும் முன்னர் கணக்கு மென்பொருளுக்குள்ளேயே இருக்கும் பெக்கப் வசதியைப் பாவித்து ஒரு பிரதி எடுங்கள். மென்பொருள் திறந்திருக்கும்போது போல்டரை வெறுமனே கொப்பி செய்தால் அது பின்னர் திறக்காமலும் போகலாம். எடுத்த பிரதியை வேறொரு கணனியில் போட்டு, ஒருவருடைய நிலுவையையாவது திறந்து பாருங்கள்.

புதிய கணனி அவசியமான இடமும் உண்டு. விண்டோஸ் 11 இற்கு டி.பி.எம். 2.0 வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய புரொசெசர் வேண்டும். அதற்கு முந்திய கணனியில் தடையைச் சுற்றிப் போட்டுத் தருவார்கள். ஓடும். ஆனால் அதற்கு அப்டேட் கிடைக்கும் என்று மைக்ரோசொப்ட் உத்தரவாதம் தருவதில்லை. வங்கிக் கணக்கை அதே கணனியில் பார்ப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

எஸ்.எஸ்.டி. மாற்றுபவர்கள் பழைய டிஸ்க்கைத் திருத்தும் இடத்தில் விட்டுவிட்டு வரவேண்டாம். கேட்டு வாங்கி வாருங்கள். யார் யார் உங்களிடம் எவ்வளவு கடன்பட்டிருக்கிறார்கள் என்பது அதற்குள் இருக்கிறது.