மல்லாத்திப் போடும் அங்கி

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படையின் ஃபார்ன்பரோ ஆய்வுக்கூடத்தில் எட்கர் பாஸ்க் என்றொரு இளம் மருத்துவர் இருந்தார். மயக்க மருந்து கொடுப்பது அவர் தொழில். நினைவிழந்து கடலில் விழும் விமானியை எந்த லைஃப் ஜாக்கெட் காப்பாற்றும் என்று கண்டறிய வேண்டியிருந்தது. நினைவோடு இருப்பவரைத் தண்ணீரில் போட்டுப் பார்த்துப் பயனில்லை. முகத்தில் நீர் பட்டதும் தன்னையறியாமல் தலையைத் தூக்கிவிடுவார். பொம்மையும் சரிவராது, மயங்கிய உடம்புபோல் அது துவளாது. ஆகவே பாஸ்க் தானே படுத்துக்கொண்டார். அவருக்கு ஈதர் கொடுத்து, நினைவு முற்றும் தப்பிய பிறகு மூச்சுக்குழாயில் ரப்பர்க் குழாய் செருகி, வெவ்வேறு ஜாக்கெட்டை மாட்டிக் குளத்தில் இறக்கினார்கள். குப்புறக் கிடக்கும் உடம்பு மல்லாந்து திரும்புகிறதா என்று படமெடுத்தார்கள். ஒரு முறை அல்ல, பல முறை. இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் இந்தச் சோதனைக்குக் கையெழுத்துப் போடாது.

மிதக்க வைப்பது லைஃப் ஜாக்கெட்டின் வேலையில் சுலபமான பகுதி. நுரையீரல் நிறையக் காற்று இருந்தால் பெரும்பாலோர் கடல்நீரில் தாமாகவே மிதப்பார்கள். ஆனால் நீருக்கு மேலே தெரிவது உச்சந்தலை மட்டும்தான். மூக்கும் வாயும் வெளியே வர நாலைந்து கிலோவைத் தாங்கும் மிதப்பு கூடுதலாகக் கிடைத்தாலே போதும்.

நினைவு தப்பியவருக்கு அது போதாது. காற்றுள்ள மார்பு மேலே வரும், கால்கள் கீழே தொங்கும், தலை முன்னால் கவிழும். இந்த உடம்பைத் திருப்ப, மிதப்பு எவ்வளவு என்பதைவிட அது எங்கே இருக்கிறது என்பதே முக்கியம். நல்ல ஜாக்கெட்டில் மிதப்பின் பெரும்பங்கு மார்பின் முன்புறம் இருக்கும்; கழுத்துக்குப் பின்னால் தலையைத் தாங்கும் அளவுக்குக் கொஞ்சம். குப்புறக் கிடக்கும்போது மார்புக்கு அடியில் சிக்கிய மிதவை மேலேறப் பார்க்கும். உடம்பு மறிப்பதால் பக்கவாட்டில் நழுவி, உடம்பையே புரட்டிவிடும். மார்பிலும் முதுகிலும் சமமாக ஃபோம் வைத்துத் தைத்த அங்கியில் இந்தப் புரட்டல் நடக்காது. சுற்றுலாப் படகுகளில் மாட்டிவிடும் ஆரஞ்சுச் சட்டைகளில் பல இந்த ரகம். நீந்தத் தெரிந்தவருக்கு, கரை பக்கத்தில் இருக்கும்போது, அவை போதும்.

பன்னாட்டுக் கப்பல் விதிகள் இந்தப் புரட்டலைத்தான் நெடுங்காலம் கணக்கிட்டுக் கேட்டன: மயங்கியவரை 5 விநாடிக்குள் திருப்ப வேண்டும், வாய் நீர்மட்டத்திலிருந்து 12 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்க வேண்டும். இப்போது மாதிரிக்கென வைத்த அங்கி ஒன்றோடு ஒப்பிட்டு அளக்கிறார்கள். ஜாக்கெட்டின் மேல் 50, 100, 150, 275 என்று நியூட்டன் கணக்கு அச்சிட்டிருக்கும்; 10 நியூட்டன் ஏறத்தாழ ஒரு கிலோவைத் தாங்கும். ஐந்து கிலோ போதும் என்றால் எதற்கு 275? குளிர்நாட்டு மாலுமியின் கனத்த உடுப்புக்குள், முக்கியமாக முதுகுப் பக்கம், காற்று தங்கிவிடும். அந்தக் காற்று அவரைக் குப்புறவே வைத்திருக்கப் பார்க்கும். அதை எதிர்த்து உடம்பைத் திருப்பத்தான் அத்தனை விசை.

மிதப்புக்கு முதலில் தக்கையைத்தான் நம்பினார்கள். பிரிட்டனின் உயிர்காப்புப் படகுச் சங்கத்து அதிகாரி கேப்டன் வார்டு 1854இல் தக்கைக் கட்டைகளைக் கோத்து அங்கி செய்தார். 1861 பிப்ரவரியில் விட்பி ஊரின் மீட்புப் படகு கவிழ்ந்து 13 பேரில் 12 பேர் இறந்தபோது, பிழைத்த ஹென்றி ஃப்ரீமன் ஒருவர்தான் அந்தப் புது அங்கியைப் போட்டிருந்தார். வேறு விளம்பரம் தேவைப்படவில்லை.

தக்கைக்கு அடுத்து வந்தது நம் வீட்டுத் தலையணைக்குள் இருக்கும் இலவம் பஞ்சு. அதன் இழை ஒவ்வொன்றும் உள்ளே காற்றடைத்த நுண்குழாய்; மேலே மெழுகுப் பூச்சு இருப்பதால் தண்ணீர் ஒட்டாது. தன் எடையைப்போல் சுமார் 30 மடங்கைத் தாங்கும். 1942இல் ஜப்பான் ஜாவாவைப் பிடித்ததும் அமெரிக்காவுக்கு வந்துகொண்டிருந்த இலவம் பஞ்சு நின்றுபோனது. பள்ளிப் பிள்ளைகளை அனுப்பி, நம் எருக்கின் உறவான ஒரு செடியின் காய்களை மூட்டை மூட்டையாகப் பறித்துவரச் செய்து அந்தப் பஞ்சை அடைத்தார்கள். ஆனால் மெழுகு எண்ணெயில் கரையும். குண்டடிபட்ட கப்பலைச் சுற்றிக் கடல்மேல் எண்ணெய் படர்ந்திருக்கும்போது பஞ்சு அங்கி மெல்ல ஊறிக் கனத்துவிடும். பின்னாளில் ஃபோம் அந்த இடத்தைப் பிடித்ததில் வியப்பில்லை.

இன்னொரு வழி வாயு. கழுத்தைச் சுற்றிக் கிடக்கும் மெல்லிய பட்டை. அதற்குள் 33 கிராம் கரியமில வாயு அடைத்த சிறு உருளை. துளைத்ததும் அது சுமார் 18 லிட்டராக விரியும். அதாவது 18 கிலோவைத் தாங்கும் மிதப்பு. ஆனால் எங்கே ஊதுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். 1996 நவம்பரில் எத்தியோப்பிய விமானம் ஒன்று கொமோரோஸ் தீவருகே கடலில் விழுந்தது. 175 பேரில் 125 பேர் இறந்தார்கள். வெளியேறுமுன்பே ஜாக்கெட்டை ஊதிக்கொண்ட பலர், தண்ணீர் புகுந்ததும் கூரையோடு ஒட்டி மிதந்தார்கள்; முங்கி வாசலை அடைய அவர்களால் முடியவில்லை.

டைட்டானிக்கில் ஜாக்கெட்டுக்குப் பஞ்சமில்லை. அங்கே தண்ணீருக்குள் இறந்தவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது உறைநிலைக்கும் கீழே இருந்த கடலின் குளிர். நம் கடல் வெதுவெதுப்பானது; குளிர் இங்கே மெதுவாகத்தான் வேலை செய்யும். இங்கே எதிரி அயர்ச்சி. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் அடித்தபோது கன்னியாகுமரி மீனவர்களில் சிலர் கவிழ்ந்த படகையும் காலிக் கேன்களையும் பற்றிக்கொண்டு மிதந்தார்கள். 20 லிட்டர் கேன் ஏறத்தாழ 200 நியூட்டன் மிதப்புத் தரும். கப்பல் ஜாக்கெட்டையே மிஞ்சும். ஆனால் அதைக் கைதான் பிடித்திருக்க வேண்டும். இரண்டாம் இரவில் கண் செருகினால் பிடி நழுவும். கேன் தன்பாட்டுக்குப் போய்விடும்.

அப்படியானால் மீனவர் ஏன் ஜாக்கெட் போடுவதில்லை? அலட்சியம் என்று மேடையில் சொல்வது எளிது. தடித்த ஃபோம் அங்கியை மாட்டிக்கொண்டு உச்சிவெயிலில் வலை இழுத்துப் பார்த்தவர் அப்படிச் சொல்லமாட்டார். கை மடங்காது, வியர்வை வழியும், வலைக்கண்ணி பட்டையில் மாட்டினால் ஆளையே கடலுக்குள் இழுத்துவிடும். அங்கி படகின் மூலையில் கிடப்பதற்கு அதன் வடிவமும் ஒரு காரணம்.

இடுப்பில் பை போலக் கட்டும் வாயு மிதவை வேலைக்குத் தொந்தரவில்லை. ஆனால் பல மாதிரிகளில், ஊதியபின் அதைத் தலைவழியே மாட்டிக்கொள்ள நினைவு இருக்க வேண்டும். என் பார்வையில் ஃபைபர் படகுக்கு ஏற்றது கழுத்துப் பட்டை வகைதான். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. மலிவான ரகத்தில் தண்ணீர் பட்டால் கரையும் வில்லை ஒன்றுதான் விசையைத் தடுத்து நிற்கும். நாள் முழுக்க அலை தெறிக்கும் படகில் அது வேண்டாத நேரத்தில் கரைந்து, வலை இழுத்துக்கொண்டிருப்பவரின் கழுத்தில் படாரென்று ஊதிவிடும். ஒரு முறை ஊதினால் புது உருளை, புது வில்லை வாங்க வேண்டும். இரண்டாம் முறை அங்கி வீட்டிலேயே தங்கிவிடும். நீரழுத்தத்தால் திறக்கும் ரகம் தெறிப்புக்கும் மழைக்கும் அசையாது. 10 சென்டிமீட்டர் அமிழ்ந்தால்தான் திறக்கும். விலைதான் கூடுதல். மானியம் தருவதென்றால் இந்த ரகத்துக்குத் தரலாம். உருளை மாற்றும் செலவையும் அதிலேயே சேர்க்கலாம்.