முதல் துப்பாக்கி தோளை அடிக்கக் கூடாது

செந்தூலில் துப்பாக்கிப் பேச்சு எழுந்தால் பெரியவர்கள் 'பன்னிரண்டு போர்' துப்பாக்கியில்தான் தொடங்குவார்கள். தோட்டப்புறத்திலிருந்து வந்த குடும்பங்களுக்குத் தெரிந்தது அதுதான். செம்பனங்கன்றின் குருத்தைத் தின்ன வரும் காட்டுப்பன்றிக்கு அதை விட்டால் வேறில்லை. அதனால் வேட்டைக்கு ஆசைப்படும் பையன் கையிலும் முதலில் அதையே கொடுக்கலாம் என்று நினைக்கிறார்கள். கொடுக்காதீர்கள்.

பன்னிரண்டு போர் என்பது பழைய எடைக் கணக்கு. ஒரு ராத்தல் ஈயத்தைச் சமமான பன்னிரண்டு உருண்டைகளாக உருட்டினால், ஓர் உருண்டை எந்தக் குழலில் சரியாக அடங்குமோ அதற்கு அந்தப் பெயர். விட்டம் சுமார் 18.5 மி.மீ. ரைபிளுக்குக் குழல் விட்டத்தையே சொல்வார்கள். பாயிண்ட் 22 என்றால் அங்குலத்தில் நூற்றுக்கு 22 பங்கு, ஏறக்குறைய 5.6 மி.மீ. போட்டிகளில் சுடும் ஏர் ரைபிள் அதைவிடச் சிறியது, 4.5 மி.மீ.

முன்னே போகும் ஈயத்தின் எடையையும் வேகத்தையும் பெருக்கினால் தோளுக்கு வரும் உதை தெரியும். பன்னிரண்டு போரில் 32 கிராம் ஈயம் வினாடிக்கு 400 மீட்டர் வேகத்தில் போகிறது. பாயிண்ட் 22இல் 2.6 கிராம், 330 மீட்டர். உதையில் கிட்டத்தட்ட 15 மடங்கு வித்தியாசம். ஏர் ரைபிளின் உதை பாயிண்ட் 22இல் பத்தில் ஒரு பங்குதான்.

வாங்கிய அடியை உடம்பு மறப்பதில்லை. நாலைந்து முறை தோள் வலித்தபின், விசையை அழுத்தும்போதே கண் மூடிக்கொள்ளும், குழல் முனை தாழ்ந்துவிடும். வெடிச் சத்தத்தில் சுடுபவனுக்கே அது தெரியாது. இதைப் பிடிக்கப் பயிற்சியாளர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். நல்ல தோட்டாக்களுக்கு நடுவே மருந்தில்லாத ஒன்றைச் சொல்லாமல் போட்டுவிடுவார்கள். விசை 'டிக்' என்று விழும், வெடிக்காது. குழல் அசையாமல் நின்றால் சரி. பொசுக்கென்று கீழே போனால் பயம் கைக்குள் புகுந்துவிட்டது என்று அர்த்தம். அதை வெளியேற்றுவது புதிதாகக் கற்றுக்கொடுப்பதைவிடக் கஷ்டம்.

ஏர் ரைபிள் ரவை ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். அரை கிராம்தான் இருக்கும். இடுப்பு சிறுத்து, உடுக்கை மாதிரி, பின்பக்கம் குழிவு. அடைபட்ட காற்று அந்தக் குழிவை விரித்து, குழலுக்குள் இருக்கும் திருகுவரிகளில் அழுத்தும். ரவை பம்பரமாய்ச் சுழன்று நேரே போகும். 10 மீட்டருக்கு அப்பால் இலக்கின் நடுப்புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர். மூச்சு, நிற்கும் நிலை, விரல் மூன்றையும் இதைவிட நன்றாகச் சொல்லிக்கொடுக்கும் ஆசான் கிடையாது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் எட்டு மாதக் கர்ப்பிணியாக நின்று நம் மலேசிய வீராங்கனை நூர் சுர்யானி தைபி சுட்டது இந்த வகை ரைபிளில்தான்.

அடுத்தது பாயிண்ட் 22 லாங் ரைபிள். 1887இல் வந்தது, இன்றும் பழகுபவர்களின் தோட்டா. சின்னது என்று அலட்சியம் வேண்டாம். ஒன்றரை மைல்வரை ஆபத்து என்று தோட்டாப் பெட்டியிலேயே அச்சடித்திருப்பார்கள். செந்தூல் கொமுட்டர் நிலையத்திலிருந்து புத்ரா நிலையத்தையே தாண்டும் தூரம் அது. அதனால் மண்மேடு எழுப்பிய சுடுதளத்தில் மட்டும்தான். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் ஏர் ரைபிளும் ஆயுதமே. உரிமம் வேண்டும், கிளப் வழியாகப் போவதே முறை.

இந்த இரண்டாலும் பன்றியைச் சுடக் கூடாது. காயத்தோடு புதருக்குள் ஓடி, நாள்கணக்கில் வதைபட்டுச் சாகும். அதற்குப் பன்னிரண்டு போர்தான், வனவிலங்குத் துறையின் வேட்டை உரிமத்தோடு. பையன் அதை முதன்முதலாகத் தோளில் வைக்கும் நாளில், சுடுதளத்தில் இரண்டு தோட்டாக்களைக் கொடுங்கள். ஒன்று மருந்தில்லாததாக இருக்கட்டும்.