கரிசல் காட்டு வண்டிகள் – 7: ஒழுகாத டியூப்

சென்ற வாரம் பிரேக் குழாய்களைப் பார்த்தோம். இந்த வாரம் டீசல் போகும் வழி. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி, நரிக்குடி, எம்.ரெட்டியபட்டிப் பக்கம் ஆட்டையும் மிளகாய் மூட்டையையும் சீமைக்கருவேலங் கரியையும் ஏற்றிக்கொண்டு ஓடும் பிக்கப்களில் பத்து வயதைத் தாண்டியவை நிறைய உண்டு. டாடா 207, பொலிரோ பிக்கப், 2005-ல் வந்த டாடா ஏஸின் முதல் தலைமுறை வண்டிகள் எல்லாம் இதில் அடக்கம். இவற்றில் டீசல் டியூப் ஒழுகினால் நடக்கும் வைத்தியம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒழுகும் இடத்தில் ஒரு சாண் வெட்டி எறிந்துவிட்டு, அந்த அளவுக்குப் புது டியூப்பைச் செருகிக் கிளிப்பை முறுக்கிவிடுவார்கள். இது அரைகுறை வேலை என்பது என் கட்சி. டேங்கிலிருந்து பம்ப் வரையும், அங்கிருந்து திரும்பி டேங்க் வரையும் உள்ள ரப்பர் அத்தனைக்கும் வயது ஒன்றுதான். ஒரு துண்டு கெட்டுவிட்டது என்றால் மீதித் துண்டுகளும் வரிசையில் நிற்கின்றன. மாற்றினால் மொத்தமாக மாற்ற வேண்டும்; அதையும் ஒழுகும்வரை காத்திராமல் வயதைப் பார்த்துச் செய்ய வேண்டும்.

"ஒழுகவே இல்லையே, எதற்கு மாற்ற வேண்டும்?" என்பதுதான் முதலில் வரும் கேள்வி. நியாயமான கேள்வி மாதிரித்தான் தெரியும். ஆனால் பழைய டீசல் பிக்கப்களில் பெரும்பாலானவற்றில் டேங்குக்கும் பம்புக்கும் இடையே டீசலை யாரும் தள்ளுவதில்லை. பம்ப்தான் உறிஞ்சி எடுக்கிறது. உறிஞ்சும் குழாயில் வெடிப்பு விழுந்தால் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். தரையில் ஒரு சொட்டு விழாது. ஆனால் ராத்திரி நிறுத்திய வண்டியில், காற்று புகுந்த குழாயிலிருந்து டீசல் மெல்ல டேங்குக்கே இறங்கிவிடும். காலையில் செல்ஃப் நீளமாக இழுக்கும். பிடித்த வண்டி நாலு விநாடியில் நின்றுவிடும். ஹேண்ட் பம்பை அடித்தால் ஓடும், லோடு ஏற்றி மேட்டில் போனால் இழுவை குறையும். இதைப் பார்த்துவிட்டு நாசில் போய்விட்டது, பம்ப் போய்விட்டது என்று கழற்றச் சொல்வதுதான் உரிமையாளருக்கு நேரும் பெரிய செலவு. பம்புக்கு முன்னால் ஒரு சாண் கண்ணாடி டியூப்பைத் தற்காலிகமாகப் போட்டு ஓட்டிப் பார்த்தால் போதும். குமிழ் ஓடினால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும். இதைச் செய்யாமல் பம்பைக் கழற்றும் பட்டறையை நான் நம்பமாட்டேன். இன்னொன்றும் இருக்கிறது. பம்புக்குள் உராயும் பாகங்களுக்கு டீசலே எண்ணெய். காற்றுக் குமிழோடு நெடுநாள் ஓடிய பம்ப் உள்ளே தேயும். அந்த இரும்புப் பொடி நாசில் வரைக்கும் போகும். அப்போது நிஜமாகவே பம்பும் நாசிலும் போய்விடும்.

ரப்பர் ஏன் கெடுகிறது? வெயில் பாதிக் காரணம். நிழல் தேடி நிறுத்த மரம் இல்லாத ஊர்களில் வண்டி பகல் முழுக்கக் காய்கிறது. கீழே என்ஜின் சூடு, மேலே வெயில். ரப்பர் இறுகி, கிளிப் கடிக்கும் இடத்தில் முதலில் வெடிக்கும். மறுபாதிக் காரணம் டீசலிலேயே இருக்கிறது. 2012-ல் இங்கே வாங்கிய வண்டி, பத்து லட்சத்தில் 350 பங்கு கந்தகம் வரை இருக்கலாம் என்ற டீசலில் ஓடத் தொடங்கியது. 2017 ஏப்ரலில் அந்த உச்சவரம்பு நாடு முழுக்க 50 ஆனது, 2020 ஏப்ரலில் 10 ஆனது. கந்தகத்தை எடுக்கும் சுத்திகரிப்பில் ரப்பரை உப்ப வைக்கும் சில வேதிப்பொருள்களும் குறைந்துபோகின்றன. பழைய டீசலில் ஊறி உப்பியிருந்த ரப்பர் புது டீசலில் சுருங்கும். வயதான ரப்பரால் அந்தச் சுருக்கத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. 1993 அக்டோபரில் அமெரிக்கா தன் சாலை டீசலின் கந்தகத்தைக் குறைத்தபோது, பழைய வண்டிகளின் பம்ப் சீல்கள் ஒழுகத் தொடங்கியது பதிவாகியிருக்கிறது. நம் வண்டிகள் இப்படிப்பட்ட மாற்றத்தை ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்துவிட்டன.

"ஓடுகிற வண்டியை நோண்டாதே" என்பவர்களிடம் ஒரு நியாயம் இருக்கிறது. கடையில் கிடைக்கும் புது டியூப்பெல்லாம் நல்லதில்லை. மட்டமான புதுசைவிட ஒரிஜினல் பழசே மேல் என்று சொல்லும் மெக்கானிக்கைக் குறை சொல்ல முடியாது. கழற்றி மாட்டும்போது கரிசல் புழுதி உள்ளே போகும் ஆபத்தும் உண்டு. ஆனால் இவை வேலையை ஒழுங்காகச் செய்யச் சொல்லும் காரணங்கள்தான், செய்யாமல் விடச் சொல்பவை அல்ல. டீசலுக்கானது என்று அச்சிட்ட, உள்ளே நூல் பின்னிய டியூப்பைக் கேட்டு வாங்கலாம். சோதனைக்குப் போட்ட கண்ணாடி டியூப்பை அப்படியே விட்டுவிடும் பழக்கம் இருக்கிறது. அது சூட்டில் சீக்கிரமே விறைத்துப்போகும். பழைய கிளிப்பையும் செம்பு வாஷரையும் திரும்பப் போடக் கூடாது. டீசல் ஃபில்டரையும் அதே கையோடு மாற்றிவிட்டால் ஏர் எடுக்கும் வேலை ஒரே தடவையில் முடியும். ரப்பர், கிளிப், வாஷர், கூலி எல்லாம் சேர்த்தாலும் நாசில் வேலைக்கு ஆகும் செலவின் பக்கத்தில்கூட வராது. நரிக்குடி ரோட்டில் விடியுமுன் ஆட்டு லோடோடு நின்றால் போகும் சந்தை வேறு கணக்கு.

ஒரு எல்லையைச் சொல்லியாக வேண்டும். நான் சொல்வதெல்லாம் பம்ப் வரை உள்ள பக்கத்துக்கும் ரிட்டர்ன் டியூப்புக்கும்தான். பம்பைத் தாண்டி நாசிலுக்குப் போகும் இரும்புக் குழாய் வேறு சாதி. காமன் ரெயில் வண்டிகளில் அதில் ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தம் ஓடுகிறது. ஓடும் என்ஜினில் அந்த நட்டைத் தளர்த்தக் கூடாது, ஒழுக்கைக் கையால் தடவிப் பார்க்கக் கூடாது. பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும்.

கடைசியாக, "டீசல்தானே, பற்றாது" என்ற நம்பிக்கை. டீசலின் ஆவி தீப்பொறி பட்டால் பற்றக்கூடிய குறைந்தபட்ச வெப்பநிலை 35 டிகிரி இருந்தால் போதும் என்பதே நம் நாட்டுத் தர அளவு. ஐரோப்பாவில் அது 55. சித்திரை வெயிலில் இந்தப் பக்கம் காற்றே 38 டிகிரியைத் தொடும். என்ஜினை ஒட்டிய ரிட்டர்ன் டியூப் சொட்டிக்கொண்டிருக்க, பின்னால் சரியாக அணையாத மூட்டக்கரி ஏறியிருந்தால் என்ன ஆகும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

எட்டு வயதைத் தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. உண்டு, பெயின்ட், லைட் என்று எப்படியும் பட்டறைக்கு விடத்தான் போகிறீர்கள். ஐந்து ஆண்டாக மாற்றாத டீசல் டியூப் இருந்தால் அந்தக் கணக்கிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். மாற்றிய மாதத்தையும் ஆண்டையும் டேங்க் மேல் பெயின்டில் எழுதி வாங்குங்கள்.

(தொடரும்)