வியர்வை உலருமுன்

திருச்சிராப்பள்ளி என்றதும் மலைக்கோட்டையும், ஸ்ரீரங்கத்துக் கோபுரங்களும், நத்ஹர் வலி தர்காவுமே உங்கள் நினைவுக்கு வரும். அதே நகரின் பொன்மலையில் உழைப்பவரின் கண்ணீர் தோய்ந்த வரலாறு ஒன்றும் உண்டு.

1928-இல் ரயில்வே பணிமனை நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்குப் பெயர்ந்தது. ஆட்குறைப்பை எதிர்த்து அவ்வாண்டே தென்னிந்திய ரயில்வேத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். சிங்காரவேலர் உள்ளிட்ட தலைவர்கள் சிறை புகுந்தனர். 1946-இல் மீண்டும் வேலைநிறுத்தம். செப்டம்பர் 5-ஆம் நாள் மலபார் போலீஸார் சுட்டதில் ஐந்து தொழிலாளர்கள் உயிர் துறந்தனர்.

‘சங்கமும் வேலைநிறுத்தமும் உலக விவகாரங்கள். தீனுக்கும் இவற்றுக்கும் என்ன தொடர்பு?’ என்று நீங்கள் வினவலாம். மக்காவின் வரலாற்றைச் சற்றே எண்ணிப் பாருங்கள்.

யமன் நாட்டு வணிகர் ஒருவரின் சரக்கை வாங்கிய ஆஸ் இப்னு வாயில், விலை கொடுக்க மறுத்தார். ஆதரவற்ற அவ்வணிகர் குன்றேறி நின்று முறையிட்டார். அம்முறையீட்டைக் கேட்டோர் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆனின் இல்லத்தில் கூடினர். அநீதிக்குள்ளானவர் உள்ளூராராயினும் அயலூராராயினும், அவருக்குரியது கிடைக்கும்வரை ஒன்றுபட்டு நிற்பதென உறுதி பூண்டனர். அதுவே ‘ஹில்ஃபுல் ஃபுளூல்’ உடன்படிக்கை. நபித்துவம் பெறுமுன், இளமைப் பருவத்தில், அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அதில் பங்கு கொண்டார்கள். இஸ்லாம் வந்த பின்னரும், அத்தகைய உடன்படிக்கைக்கு அழைக்கப்பட்டால் இசைவேன் என்று கூறினார்கள். நீதிக்காக எவரோடும் கைகோக்கலாம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இயந்திர யுகத்தில் தனியொருவரின் முறையீடு ஆலை இரைச்சலில் அமிழ்ந்துபோயிற்று. ஆகவே தொழிலாளர் சங்கங்கள் தோன்றின. சட்டங்களும் பின்தொடர்ந்தன. ஊதியத்தை உரிய நாளில் வழங்க 1936-இலும், வேலை நேரத்தை வாரத்திற்கு 48 மணியாக வரையறுக்க 1948-இலும், பீடித் தொழிலாளரைக் காக்க 1966-இலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. கடை ஊழியர் அமர இருக்கை தரவேண்டுமெனத் தமிழ்நாடு சட்டமன்றம் 2021-இல் சட்டம் செய்தது.

அன்பார்ந்த வாசகர்களே! வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடச் சொன்னவர்கள் நம் பெருமானார் (ஸல்) அவர்கள். பணியாளரைச் சகோதரராகக் கருதவும், ஆற்றலுக்கு மீறிய சுமையை அவர்மீது ஏற்றாதிருக்கவும் கற்பித்தார்கள். வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலியை மறுப்பவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் எச்சரிக்கிறான். ஒப்புக்கொண்ட வேலையைச் செவ்வனே முடிப்பது உழைப்பவர்மீதுள்ள அமானிதம் என்பதும் உண்மையே. ஆனால், காலை முதல் இரவுவரை நம் கடையில் நிற்கும் பிள்ளைக்கு ஓர் இருக்கை போடச் சட்டம் வரும்வரை நாம் ஏன் காத்திருந்தோம்?

இன்று ஜும்ஆவுக்குப் புறப்படுமுன் உங்கள் கணக்கேட்டை ஒருமுறை புரட்டுங்கள். வீட்டு வேலைக்கு வரும் பெண்மணிக்கோ, கடைச் சிப்பந்திக்கோ தரவேண்டியது பாக்கியிருப்பின் அதனை முதலில் தீர்த்துவிடுங்கள். தொழுகைக்கு நிற்கையில் பிறர் உரிமை நம் கையில் தங்கியிராதிருக்க வல்ல அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.